மார்ச் மாதத் தாள்

திருமழிசை
12 ஜனவரி 2026

தினகரன் அண்ணாவுக்கு,

ரேகா எழுதுகிறேன். நாலைந்து நாளாக என் போனுக்கு அடித்துக்கொண்டே இருக்கிறாய். அந்தப் போன் இப்போது உன் மாப்பிள்ளையின் சட்டைப் பையில் இருக்கிறது. நீ அடிக்கும்போதெல்லாம் எடுத்துப் பெயரைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போட்டுக்கொள்கிறார். இனி அடிக்காதே.

இந்தக் கடிதத்தை ஜரினா கொண்டுவந்து தருவாள். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் என்னோடு பேக்கிங் வேலை செய்கிற பெண். கரையான்சாவடியில் உன் ஸ்டூடியோவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். அவள் போனிலேயே பேசலாமே என்பாய். கம்பெனி கேட்டில் எல்லாருடைய போனையும் வாங்கி வைத்துவிடுகிறார்கள். அதோடு, போனில் என்னை எப்போது பேசவிட்டிருக்கிறாய் நீ? எழுதினால் நான் முடிக்கும்வரை உன்னால் குறுக்கே வர முடியாது.

சர்ச் காலண்டர்தான் விஷயம். நீ எடுத்த படங்களைப் போட்டு மாதத்துக்கு ஒரு தாளாக அடித்துக் கொடுத்தார்களே, அது. எங்கள் ஊரில் பஞ்சர் கடை கஜபதி வீட்டம்மா அந்தச் சர்ச்சுக்கு வருகிறவர். கடையில் ஒன்றை மாட்டியிருக்கிறார். உன் மாப்பிள்ளை வண்டிக்குக் காற்று பிடிக்கப் போனவர், குழந்தை பிரியாவுக்குக் காது குத்த வைத்திருக்கிற தேதி என்ன கிழமை என்று பார்க்க மார்ச் மாதத்தைப் புரட்டியிருக்கிறார். அங்கே நான்.

என் முகம் இல்லை என்று சொல்வாய். முகம் இல்லைதான். முதுகும் கையும் இருக்கின்றன. நெற்றியிலிருந்து எடுத்த ஸ்டிக்கர் பொட்டை முன் நாற்காலியின் முதுகில் ஒட்டுகிற கை. மாம்பழக் கலரில் பச்சை பார்டர் போட்ட சேலை. அந்தச் சேலையைத் தீபாவளிக்கு அவரே கடை கடையாக ஏறி எடுத்து வந்தார். பத்து வருடம் கூடக் குடித்தனம் செய்தவனுக்குப் பெண்டாட்டியை அடையாளம் தெரிய முகம் வேண்டுமா?

கஜபதியிடம் ஒன்றும் சொல்லாமல் அந்தத் தாளைக் கிழித்து மடித்து எடுத்து வந்து என் முன்னால் போட்டார். பிறகு அடுப்பில் போட்டார். நான் அதைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

உன்னிடம் கேட்டேனே அண்ணா. சர்ச் கேட் பக்கத்தில் நின்று, கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். என்னை எதிலும் போடாதே என்று.

ரேகா


கரையான்சாவடி
17 ஜனவரி 2026

அன்புள்ள ரேகாவுக்கு,

பொங்கலுக்கு வரிசைத் தட்டோடு வந்தேன். மாப்பிள்ளை வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தட்டைத் திண்டில் வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். நீ ஜன்னலில் நின்றாய், பார்த்தேன்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கோபப்பட உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் நீ கேட்டதை நான் சரியாகத்தான் கேட்டுக்கொண்டேன். நீ சொன்னது, "என் மூஞ்சி எதுலயும் வரக்கூடாதுண்ணா." முகம் விழுந்த எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்தேன். பாஸ்டர் சரவணக்குமார் அதில் ஒன்றைப் பார்த்துவிட்டு இதைக் கொடுங்கள் தம்பி என்று கெஞ்சினார், கொடுக்கவில்லை. காலண்டர் விசுவாசிகள் வீட்டில்தானே தொங்கும், உன் மாப்பிள்ளை ஏன் பார்க்கப்போகிறார் என்று நினைத்தேன். நம்மூரில் காலண்டர் என்று ஒன்று கிடைத்தால் எந்தச் சாமி என்று பார்க்காமல் ஆணி அடிப்பார்கள் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. என் தப்பு அவ்வளவுதான்.

நான் எப்படி வேலை செய்தேன் என்று உனக்குத் தெரியாது. பாஸ்டர் முதலிலேயே சொல்லிவிட்டார், "கல்யாண ஊட்ல நிக்க வைக்கிற மாரி வேணாம் தம்பி, அவங்க அவங்களா கீறப்போ எடுங்க." அதனால் முதலில் சில வாரம் வார நாள் ஜெபக் கூட்டங்களுக்குப் போய், கேமராவை மடியிலேயே வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் ஒருத்தன் இருப்பதை அவர்கள் மறக்க வேண்டும். மறந்தார்கள். சலங்கை வைத்த தம்பூரினைத் தட்டுகிற பாட்டி, ஜெபத்தில் தூங்கிப்போன கான்ட்ராக்டர், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போன பொடிசு, எல்லாம் தானாக வந்தது. மண்டபம் மண்டபமாகப் போய், சிரிங்க மேடம், கொஞ்சம் சாயுங்க சார் என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போய்விட்டது. இங்கேதான் முதல்முறையாக வாயைத் திறக்காமல் வேலை பார்த்தேன்.

அப்படி ஒரு ஞாயிறு லென்ஸில் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீ வந்தாய். என் தங்கை. கேமராவை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் இன்னொரு முறை பார்த்தேன். வருடக்கணக்கில் ஒவ்வொரு ஞாயிறும் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் நீ பஸ் ஏறியிருக்கிறாய். நான் ஞாயிறானால் கல்யாண வேலைக்குப் போய்விடுவேன், எனக்குத் தெரியாது. உன் அண்ணி, ரேகா வந்து மாதக்கணக்காகிறது என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். என் வீட்டு வாசலை மிதிக்காமல் என் பேரை மட்டும் நடக்கவிட்டிருக்கிறாய். இப்போது மாப்பிள்ளை என்னைக் கூட்டுக்களவாணி என்று நினைக்கிறார். இதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

ஜரினாவுக்குத் தெரியும். அந்தச் சர்ச்சில் முன்னூறு பேருக்குத் தெரியும். கூடப் பிறந்தவன் வாடகைக்கு வந்த போட்டோகிராபராகப் போய்த் தெரிந்துகொண்டேன். எனக்கும் வலிக்கும் ரேகா.

அண்ணன்,
தினகரன்


திருமழிசை
27 ஜனவரி 2026

அண்ணாவுக்கு,

உன் பேரைச் சொல்லித்தான் போனேன். அது தப்பு. போதுமா? வேறு யார் பேரைச் சொல்ல முடியும்? கல்யாணமான பெண் கேள்வி இல்லாமல் போகக்கூடிய இடம் அண்ணன் வீடு ஒன்றுதானே.

உன்னிடம் சொல்லாததற்குக் காரணம், நீ சிரித்திருப்பாய். அல்லது அண்ணியிடம் சொல்லி, அவள் பத்துப் பேரிடம் சொல்லியிருப்பாள். இப்போது கேட்கிறாய், சொல்கிறேன். எனக்கு அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. முழங்கால் வலி போகவில்லை. வேலை செய்கிற இடத்தில் ஒருத்தி கூப்பிட்டாள், ஒரு நாள் போனேன். பாட்டு முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபிக்க ஆரம்பித்தார்கள். ஆளுக்கு ஒரு பேச்சு. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவள் பேசுவதுகூட நமக்குக் கேட்காது. நானும் பேசினேன். மாமியார் கன்னியம்மாள் என்னை இன்றுவரை பெயர் சொல்லிக் கூப்பிடாததைச் சொன்னேன். பிரியாவுக்கு அப்புறம் கலைந்துபோனதைச் சொன்னேன். உன்னைப் பற்றிக்கூட நிறையச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை, யாரும் பதில் சொல்லவில்லை, அவ்வளவு சுகமாக இருந்தது. வாரத்தில் அந்தக் கால் மணி நேரம்தான் நான் முழு வாக்கியமாகப் பேசுவேன்.

பொட்டை எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா நெற்றியைப் பார்த்தாள், எனக்கு ஒரு மாதிரி இருந்தது, எடுத்து முன் நாற்காலியில் ஒட்டினேன். திரும்பிப் போகும்போது எடுத்து வைத்துக்கொண்டேன். என்னைப் போல இன்னும் நாலைந்து பேர் உண்டு. எங்கள் வரிசை நாற்காலி முதுகெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கும். ஒரு தடவை அவசரத்தில் வேறு ஒருத்தியின் பொட்டை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

இப்போது கவனிக்கிறார்கள். காலையில் எழுந்ததும் உன் மாப்பிள்ளை முதலில் என் நெற்றியைப் பார்க்கிறார். சர்ச்சுக்குப் போனதைவிடப் பொட்டை எடுத்ததுதான் அவரை அறுக்கிறது. அடிக்கவில்லை, கத்தவில்லை. சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டார்: "நான் உசுரோடதான கீறேன்? அப்புறம் யாருக்கோசரம் அத்த எடுத்தே?" அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்த மனுசன் அழுது நான் பார்த்ததில்லை.

மறுநாள் அது கோபமாக மாறிவிட்டது. இப்போது ஒரே பேச்சு. அவருடைய பங்காளிகள் எல்லாம் காலையும் மாலையும் கோதண்டம் டீக்கடையில்தான் உட்காருகிறார்கள். அங்கேயும் அதே காலண்டர். கோதண்டத்துக்கு அதில் இருக்கிற படம் எதுவானாலும் ஒன்றுதான். இன்னும் ஜனவரித் தாள் இருக்கிறது. மார்ச் முதல் தேதி அந்தத் தாள் திரும்பி, அவர்களில் ஒருத்தராவது என்னைக் கண்டுபிடித்தால், நான் என் துணிமணியோடு உன் வீட்டுக்கு வந்துவிட வேண்டுமாம். பிரியா இங்கேயே இருப்பாளாம்.

நீ மாட்டிவிட்டதை நீயே இறக்கு. வேறு ஒன்றும் உன்னிடம் கேட்கவில்லை. நீ வைத்திருக்கிற என் முகங்களையும் அழித்துவிடு.

ரேகா


கரையான்சாவடி
5 பிப்ரவரி 2026

ரேகாவுக்கு,

கவலைப்படாதே. வழி கண்டுபிடித்துவிட்டேன்.

வெறுமனே கிழித்தால் ஏன் எதற்கு என்று கேட்பார்கள். அதனால் மார்ச் மாதத்தை மட்டும் புதிதாக அச்சடிக்கிறேன். உன் படத்துக்குப் பதில் தம்பூரின் பாட்டி. தேதி தப்பாக விழுந்துவிட்டது, மாற்றிக் கொடுக்கிறோம் என்று சொல்லிவிடலாம். பாஸ்டர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. இத்தனை படத்தில் அந்த ஒன்றைப் பார்த்துத்தான் சபையில் பெண்கள் அழுதார்கள் என்றார். என் தங்கச்சி குடும்பம் சார் என்று சொன்ன பிறகு தலையை ஆட்டினார்.

பூந்தமல்லி, கரையான்சாவடி பக்கம் ஆரம்பித்துவிட்டேன். பழைய தாளை உருவிப் புதியதைச் சொருகி பின் அடிக்கிறேன். மாவு மில்லில் ஒரு அம்மா பழைய தாளைக் கொடுக்க மனசில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். இது யார் கை தம்பி என்று கேட்டாள். தெரியாதும்மா என்றேன். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் ரேகா, அதை நானே கடை கடையாகப் போய்ப் பிடுங்குகிறேன். உனக்காகத்தான்.

உன் முகம் இருந்ததை எல்லாம் அழித்துவிட்டேன். ஒன்றில் கண்ணை மூடிக்கொண்டு வாய் நிறையப் பேசிக்கொண்டிருந்தாய். கொஞ்ச நேரம் பார்த்தேன், பிறகு அதையும் அழித்தேன். திருமழிசைக் கடைகளைக் கடைசியில் வைத்திருக்கிறேன். மாதக் கடைசிக்குள் ஞாயிறு ஒன்றில் வந்து முடித்துவிடுவேன்.

தினகரன்


திருமழிசை
16 பிப்ரவரி 2026

அண்ணா,

திருமழிசைக்கு வராதே. அந்தத் தாள் அப்படியே இருக்கட்டும்.

புத்தி கெட்டுவிட்டதா என்று கேட்பாய். பத்து நாளாக யோசித்துத்தான் எழுதுகிறேன். உன் மாப்பிள்ளையிடம் மெதுவாகப் பேச்சு எடுத்தேன். தாள் போய்விட்டால் நான் எப்போதாவது போய் வரட்டுமா என்றேன். யாருக்கும் தெரியாதபோது நீ போகவே இல்லை என்றுதான் அர்த்தம், அப்புறம் எங்கே திரும்பப் போவது என்றார். அன்றைக்கு எனக்குப் புரிந்தது. நீ தாளை மாற்றிவிட்டால் நான் அங்கே போனதே நடக்காததாகிவிடும். நான் பேசியதும் நடக்காததாகிவிடும். இந்த வீட்டில் மிச்சக் காலத்துக்கும் இரண்டு இரண்டு வார்த்தையாகப் பேசிக்கொண்டு கிடப்பேன்.

அவரிடம் நேருக்கு நேர் நின்று, ஆமாம் போனேன், இனியும் போவேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எத்தனையோ முறை முயன்றுவிட்டேன். அந்தப் படம் தொங்கினால் சொல்ல வேண்டியதே இல்லை. ஊர் பார்க்கும், அவர் கத்துவார், எனக்குப் பின்வாங்க வழி இருக்காது. அந்த வழி அடைபட்டால்தான் நான் கிளம்புவேன். என்னை எனக்குத் தெரியும்.

பிரியாவை விட்டுவிட்டு வரமாட்டேன். ஏழு வயதுப் பெண்ணை அம்மாவிடமிருந்து அப்படிச் சும்மா பிரிக்க முடியாது என்று வேலை செய்கிற இடத்தில் விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். மார்ச் ஒன்று ஞாயிற்றுக்கிழமை. அன்று காலையில் அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்புகிறேன்.

கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. உன் மாடி அறை சும்மாதானே கிடக்கிறது. ஆறு மாதம் போதும். என் சம்பளம் இருக்கிறது, உங்களுக்குப் பாரமாக இருக்கமாட்டேன். அண்ணியிடம் நீதான் சொல்ல வேண்டும். முடியாது என்றால் உடனே எழுது, எஸ்டேட் பக்கம் வேறு ஏதாவது பார்த்துக்கொள்கிறேன். பதில் வராவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்கிறேன்.

உன் மேல் நிறையக் கோபப்பட்டுவிட்டேன். ஆனால் என்னை யாரோ ஒருத்தர் பார்த்திருக்கிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

உன் தங்கை,
ரேகா


கரையான்சாவடி
26 பிப்ரவரி 2026

அன்புத் தங்கை ரேகாவுக்கு,

எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. ஜரினா பைக்குள்ளேயே போட்டு மறந்துவிட்டாளாம். நோன்பு நேரம், அவளைக் குறை சொல்லி என்ன செய்வது. நான் இருபத்திரண்டாம் தேதி ஞாயிறே திருமழிசைக்கு வந்து எல்லாக் கடையிலும் மாற்றிவிட்டேன். கோதண்டம் கடையில் நானே ஸ்டூல் போட்டு ஏறி மாற்றினேன். ஒரு வாரம் முன்னால் கிடைத்திருந்தால் நான் ஏன் வரப்போகிறேன்?

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. நடந்ததும் நல்லதற்குத்தான் என்று படுகிறது. பிரியா படிக்கிற பிள்ளை, அவளை இழுத்துக்கொண்டு எங்கே அலைவாய்? மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. கொஞ்ச நாள் போனால் ஆறிவிடுவார். மாடி அறையில் பழைய ஆல்பம், லைட் ஸ்டாண்ட், ஃபிரேம் எல்லாம் அடைந்து கிடக்கிறது. மேலே தகரம், வெயில் காலத்தில் ஆள் இருக்க முடியாது. உனக்கு இடம் இல்லை என்று நான் சொல்லவில்லை. என் வீடு என்றைக்கும் உன் வீடுதான். உன் அண்ணியும் அதைத்தான் சொல்வாள், இன்னும் அவளிடம் பேசவில்லை.

பொறுமையாக இரு. நான் இருக்கிறேன்.

உன் அண்ணன்,
தினகரன்


திருமழிசை
5 மார்ச் 2026

தினகரன் அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டாம் தேதி மதியம்தான் ஜரினா என் கையில் கொடுத்தாள். அவளுக்குக் காய்ச்சல், சில நாள் வேலைக்கு வரவில்லை. அதனால் ஒன்றாம் தேதி எனக்கு ஒன்றும் தெரியாது. நீ பதில் போடாததால் சரி என்று சொல்லிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு விடிவதற்கு முன் எழுந்தேன். பிரியாவின் ஸ்கூல் துணி, என் துணி, அவளுடைய பொம்மை எல்லாவற்றையும் பையில் வைத்து மூடினேன். உன் மாப்பிள்ளை டீக்கடைக்குப் போனார். அவர் வந்து கத்துவதற்காக வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பயமே இல்லை, நம்புவாயா? வந்தார். கையில் வடை பொட்டலம். பத்து வருடத்தில் ஞாயிற்றுக்கிழமை வடை வாங்கி வந்ததில்லை. சிரித்துக்கொண்டே என் போனை எடுத்து மேசையில் வைத்தார். "உங்கண்ணன் மனுசன்யா. நேரா வந்து மாத்திக் குட்துட்டுப் போயிக்கிறாரு. இனிமே அந்தப் பேச்சே வாணாம்" என்றார். மாமியார் அன்றைக்குத்தான் முதல்முறையாக என்னை ரேகா என்று கூப்பிட்டார், தண்ணீர் கேட்பதற்காக. நான் உள்ளே போய்ப் பையைப் பிரித்துத் துணிகளைப் பழையபடி பீரோவில் அடுக்கினேன். பிரியா எங்கேம்மா ஊருக்கா என்று கேட்டாள். துணி மடித்து வைக்கிறேன் என்றேன்.

மறுநாள் உன் கடிதம் வந்தது. படித்ததும் ஜரினா மேல் பாய்ந்தேன். சாப்பாட்டு நேரத்தில், எல்லார் முன்னாலும். உன் ஒரு மறதியால் என் பிழைப்பே போயிற்று என்று கத்தினேன். நோன்பில் இருப்பவள், காய்ச்சலில் எழுந்து வந்தவள். அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "நீ குட்த மறுநாளே குட்தேன்க்கா. ஸ்டூடியோ லைட்டுக்குக் கீழ நின்னு ரெண்டு தபா படிச்சாரு. உங்க அண்ணி வந்து இன்னான்னு கேட்டாங்க. ஒண்ணுமில்ல, ஆர்டர்னு சொல்லி பாக்கெட்ல வச்சிகினாரு." அல்லா மேல் சத்தியம் என்றாள். சத்தியம் தேவையில்லை. உன்னை எனக்குத் தெரியாதா?

பதினேழாம் தேதி படித்துவிட்டு, இருபத்திரண்டாம் தேதி ஸ்டூல் போட்டு ஏறியிருக்கிறாய்.

முடியாது ரேகா என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அழுதிருப்பேன், பிறகு வேறு அறை தேடியிருப்பேன். உடனே எழுது என்று கேட்டுத்தானே எழுதினேன். உனக்கு மாடி அறையும் வேண்டும், நல்ல அண்ணன் என்ற பேரும் வேண்டும். அதற்கு ஒரு நோன்பாளியின் மறதியைச் சாக்காக்கினாய். படத்தை நீ போட்டது தெரியாமல் செய்தது. அதை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். அதைக் கடையிலிருந்து இறக்கியது தெரிந்தே செய்தது.

போன் என்னிடம்தான் இருக்கிறது. ராத்திரியில் அவர் எடுத்துப் பார்க்கிறார், அதனால் இதையும் கடிதமாக எழுதுகிறேன். இதுவே கடைசி. ஜரினாவை இனி உன் கடை வாசலுக்கு அனுப்பமாட்டேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், நீயும் கேட்டுக்கொள்.

வரும் ஞாயிறு உன் மாப்பிள்ளை உன்னையும் அண்ணியையும் விருந்துக்குக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். உன்மேல் அவருக்கு இப்போது அவ்வளவு மரியாதை. காலையிலேயே போய்க் கறி எடுத்து வரப்போகிறாராம். கட்டாயம் வா, வராவிட்டால் ஏன் என்று என்னைத்தான் கேட்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு. நான் பரிமாறுகிறேன்.

ரேகா